தருமமும் கடனும்

பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகங்களில் லாப நஷ்டம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. ஒருவன் ஒரு பொருளை 100 ரூபாய்க்கு வாங்கி 120 ரூபாய்க்கு விற்றால் அவனுக்கு லாபம் எவ்வளவு? இருபது ரூபாய் என்று பையன்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். புத்தகத்தின் கடைசியில் உள்ள விடையும் அதுவே. கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவனுக்கும் திருப்தி. ஆனால் துடுக்கான பையன் ஒருவன் எழுந்து, "ஸார், அந்தப் பொருளைச் செய்தபோது பக்கத்து வீட்டுக் கிணறு கெட்டுப் போயிருந்தால், கிணற்றின் விலையை எந்தப் பக்கத்தில் எழுதுவது?" என்று கேட்டுவிட்டால் உபாத்தியாயர் என்ன செய்வார்? புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை. தொழில் நடத்துவோரின் பேரேட்டிலும் நெடுங்காலமாக அதற்கு இடம் இருந்ததில்லை.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம் அந்தக் கிணற்றின் விலைதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். லாபமே கூடாது என்று வாதிப்பவர்களின் கட்சியில் நாம் சேர்ந்தவர்கள் அல்லர். லாபம் இல்லாத தொழில் நீடிக்காது. தொழில் நீடிக்காவிட்டால் கூலி இல்லை. சர்க்காருக்கு வரி இல்லை. ஆலை வாசலில் இட்டிலிக் கடை வைத்திருப்பவளுக்கும் வியாபாரம் இல்லை. நஷ்டத்தில் நடக்கும் ஆலையின் முதலாளி எவ்வளவு உத்தமராக இருந்தாலும், சனிக்கிழமைச் சம்பளத்துக்கு அவருடைய உத்தம குணம் உதவாது. ஆகவே லாபம் அவசியம். ஆனால் பேரேட்டில் தெரிகிற லாபம் மெய்யான லாபந்தானா, அல்லது பிறருடைய நஷ்டத்தை எழுதாமல் விட்டதனால் லாபம்போலத் தோன்றுவதா என்பதை விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு" என்ற சொற்றொடர் இக்காலத்தில் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. நேயர்களும் கவனித்திருப்பார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமுலில் இருந்து வருகிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள கம்பெனி எதுவாயினும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொது நன்மைக்குச் செலவிட வேண்டும் என்பது அந்தப் பிரிவின் சாரம். பசிப்பிணி நீக்குதல், கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று செலவு செய்வதற்குரிய துறைகளையும் சட்டமே வகுத்துக் கொடுத்திருக்கிறது.

இதனால் நன்மை விளைந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. எத்தனையோ கிராமத்துப் பள்ளிகளுக்குக் கட்டிடமும் கழிப்பிடமும் கிடைத்திருக்கின்றன. ஆஸ்பத்திரிகளுக்கு யந்திரங்கள் வந்திருக்கின்றன. கொடுத்த கையை நாம் குறை கூறவில்லை. ஆனால் இரண்டு பங்கைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதில் ஓர் அபாயம் இருக்கிறது. மிச்சமுள்ள தொண்ணூற்றெட்டுப் பங்கு எப்படி வந்தது என்று கேட்க மறந்து போகிறோம். இத்தனைக்கும் அந்தச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளே இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கின்றன. ஒரு கம்பெனி தன் தொழிலை நடத்தும் சாதாரணப் போக்கில் செய்யவேண்டிய காரியங்கள் அந்த இரண்டு பங்குக் கணக்கில் சேரமாட்டா என்று அவை கூறுகின்றன. தன் கழிவு நீரைச் சுத்தம் செய்துவிட்டு, அதைத் தருமக் கணக்கில் எழுத முடியாது. அது செய்தே தீரவேண்டிய கடமை.

நம் முன்னோர்கள் இந்த வித்தியாசத்தை ஒரு பழமொழியில் அடக்கி வைத்தார்கள். பசுவைக் கொன்று செருப்புத் தானம் செய்ததுபோல என்பார்கள். செருப்பு நல்ல செருப்புத்தான். வாங்கிக்கொண்ட ஏழையின் காலும் முள்ளிலிருந்து தப்பியது உண்மைதான். ஆயினும் பசுவின் சொந்தக்காரனுக்கு வரவேண்டியது வரவில்லை. தருமம் வேறு, கடன் வேறு. தருமம் கொடுப்பவனின் இஷ்டத்தைப் பொறுத்தது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதை அவனே தீர்மானிக்கலாம். கடனோ வாங்கினவனுக்கே, வாங்கின அளவுக்கே, காலத்தில் திருப்பித் தரவேண்டியது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது கோயிலுக்கு விளக்குப் போட்டேன் என்று சொன்னால் ஒருவரும் ஒப்பமாட்டார்கள்.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நதியின் கதையைக் கொண்டு பார்த்தால் தெளிவாக விளங்கும். அதுதான் நொய்யல்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரைக் கடந்து, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஜில்லாக்கள் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் சிறிய ஆறு நொய்யல். வழியெல்லாம் அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் குளங்களும் அமைத்து, மழை குறைந்த கொங்கு நாட்டில் அதன் நீரைப் பத்திரமாகப் பயன்படுத்தி வந்தார்கள். தொழிலும் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. அதன் வடகரையிலுள்ள கொடுமணலின் பெயர் பதிற்றுப்பத்திலேயே வருகிறது. அங்கே அகழ்ந்து பார்த்தபோது, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மணிக் கற்களை இழைத்து மெருகிட்ட பட்டறைகளின் சின்னங்களும், இரும்பு உருக்கிய உலைகளின் சின்னங்களும் வெளிப்பட்டன. ஆகவே ஆற்றங்கரையில் தொழில் நடந்ததே குற்றம் என்று எவரும் சொல்லமுடியாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்பூர் பனியன் தொழிலில் ஓங்கி வளர்ந்தது. முதலில் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன். 1980களிலிருந்து வெளிநாடுகளுக்கு வர்ணச் சட்டைகள். 2024-25ஆம் ஆண்டில் அந்த ஊரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். அவ்வூரின் முதலாளிகளில் எத்தனையோ பேர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தொழிலாளியாய் இருந்து முதலாளியானவர்கள். வேலை தேடி வந்த லட்சக்கணக்கான பேருக்கு அந்த ஊர் சோறு போட்டிருக்கிறது. நாட்டுக்குப் பெருமை தரும் இச்செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

வெள்ளைப் பனியனுக்கும் வர்ணச் சட்டைக்கும் நடுவே ஒரு பொருள் இருக்கிறது. அது உப்பு. பருத்தி நூலில் இக்காலத்துச் சாயம் பிடிக்க வேண்டுமானால், சாயத் தொட்டியில் ஏராளமாக உப்புச் சேர்க்கவேண்டும். உப்புச் சேர்ந்தால்தான் தண்ணீரிலுள்ள சாயம் நூலை நாடிச் செல்லும். கருமையான நிறம் ஏற, ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேலும் உப்புச் செலவாகும். அப்படியானால் நம் பிள்ளைகள் உடுத்தும் கருநீலப் பனியன் ஒன்றுக்கு, வீட்டு உப்பு ஜாடியிலிருந்து இரண்டு பிடி அள்ளிப் போட்டதாக வைத்துக்கொள்ளலாம். சாயத்திலே பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ துணியில் தங்குவதே இல்லை. சாயத்தைத் துணியிடம் ஒப்படைத்துவிட்டு, போட்டது போட்டபடியே கழிவு நீரில் வெளியே வந்துவிடும்.

சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. அந்த நீரெல்லாம் நொய்யலில் இறங்கிற்று. பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. சுண்ணாம்பு முதலியன கலந்து நிறத்தையும் கசடையும் அவை ஓரளவு பிரித்தன. ஆனால் கரைந்த உப்பை அந்த முறையால் பிரிக்க இயலாது. வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கலாகாது என்பது விதி. விதி ஏட்டில் இருந்தது. உப்பு ஆற்றில் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில், ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை எழுந்தது. 1992இல் முடிந்த அந்த அணை பதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தரும் என்று திட்டமிடப்பட்டது. விவசாயிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அணையில் தேங்கியது மழை நீராக இல்லை. பட்டறைகளின் கழிவு நீராக இருந்தது. உப்பு மிகுந்த நீரை நிலத்தில் பாய்ச்சினால், பக்கத்தில் ஈரமிருந்தும் பயிரின் வேரால் அதை உறிஞ்ச முடியாது. மண்ணும் நாளடைவில் இறுகி, காற்றும் நீரும் புகாத கட்டியாகிவிடும். அணையின் நீர் தரைக்குள் இறங்கியதால் சுற்றுப்புறக் கிணறுகளும் உப்புக் கரித்தன. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பதுதான் விவசாயிகளின் வழக்கம். இங்கே, "திறக்காதீர்கள், எங்கள் வயல் பாழாகிவிடும்" என்று அவர்களே முறையிடும்படி ஆயிற்று. பாசனத்துக்காக ஏற்பட்ட ஓர் அணைக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா?

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சாயத் தொழிலின் லாபத்தில் ஒரு பகுதி இத்தகைய நெய்தான். கழிவு நீரைச் சுத்தம் செய்யும் செலவைப் பட்டறைக்காரர் கொடுக்கவில்லை. சட்டையை வாங்கிய சீமைக் கடைக்காரர் கொடுக்கவில்லை. அந்தச் சட்டையை மலிவாக உடுத்தியவரும் கொடுக்கவில்லை. கரூர்ப் பக்கத்திலே, ஏற்றுமதி என்ற சொல்லுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு குடியானவன் கொடுத்தான். தன் கிணற்றைக் கொடுத்தான், தென்னையைக் கொடுத்தான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியைக் கொடுத்தான். அவனிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை, ரசீதும் கொடுக்கவில்லை.

இத்தகைய கடனை யார் தீர்ப்பது என்ற கேள்வியை நொய்யலுக்கு முன்னதாகவே பாலாறு எழுப்பிவிட்டது. வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவினால் பாலாற்றுப் பிரதேசம் கெட்டதைக் குறித்து, வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தோல் தொழில் அந்நிய நாணயம் ஈட்டுகிறது, வேலை கொடுக்கிறது என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டே, அதற்காக நிலத்தையும் நீரையும் அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்று நீதிபதிகள் கூறினார்கள். மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும், தீங்கு நேருமுன்பே தடுக்கவேண்டும் என்ற இரண்டு தத்துவங்களும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இந்திய தேசம் முழுவதிலும் பின்னர் எழுந்த எத்தனையோ வழக்குகளுக்கு ஆதாரமாயிருப்பது, நம் பாலாற்றங்கரையில் பிறந்த அந்த நீதிதான்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்களும் அதே வழியில் கோர்ட்டுக்குச் சென்றார்கள். 2006 டிசம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டு, கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறையைப் பட்டறைகள் மேற்கொள்ள வேண்டும் என்றும், அதுவரையில் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா என்று அபராதம் கட்டவேண்டும் என்றும் உத்தரவிட்டது. கிணற்றின் விலையை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்ற கேள்விக்கு இது ஒரு விடை. ஆற்றில் விட்ட லிட்டருக்கு முதன்முதலாகச் செலவுப் பக்கத்தில் ஒரு தொகை எழுதவேண்டி வந்தது. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும், ஆற்றையும் அணையையும் சுத்தம் செய்யும் செலவிலிருந்து பட்டறைக்காரர்கள் தப்ப முடியாது என்று உறுதி செய்தது. அப்படியும் காரியம் முழுவதும் நடக்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடும்படி ஹைக்கோர்ட்டு ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

அந்த மாதங்களில் திருப்பூர் பட்ட பாட்டை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. சாயம் ஏற்றத் துணியை வெளியூர்களுக்கும் வெளி ராஜ்யங்களுக்கும் அனுப்பவேண்டியதாயிற்று. ஒப்புக்கொண்ட தேதிக்குச் சரக்கு போகவில்லை. தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். ஆற்றைக் கெடுத்த தீர்மானத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்ததில்லை. தண்டனையிலோ முதற்பங்கு அவர்களுக்கே வந்தது. மூடிய பட்டறைகளுக்குப் பதிலாக வேறு ஜில்லாக்களில், வேறு ஆறுகளின் ஓரத்தில், அனுமதியில்லாத பட்டறைகள் இரவோடிரவாக முளைத்தன. உரிய காலத்தில் சிறிது சிறிதாகத் தீர்த்திருக்கக்கூடிய கடனை இருபது ஆண்டு வளரவிட்டதனால், ஜப்தி வந்தபோது குற்றவாளி யார், குற்றமற்றவர் யார் என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமற் போயிற்று.

பிறகு நடந்தது நமக்கெல்லாம் தைரியம் தரக்கூடியது. சர்க்கார் வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவியது. பட்டறைக்காரர்கள் கூட்டாக முதல் போட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் புதுப்பித்தார்கள். இப்போது பல வீடுகளில் குடிநீருக்கு வைத்திருக்கிறோமே, ஆர்.ஓ. என்ற அந்த முறைதான் அங்கே பெரிய அளவில் நடக்கிறது. கழிவு நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சிய உப்பு நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பைத் திரட்டுகிறார்கள். நல்ல நீர் மறுபடியும் சாயத் தொட்டிக்கே போகிறது. உப்பில் ஒரு பகுதியும் போகிறது. இவ்வாறு நாள்தோறும் பத்துக் கோடி லிட்டருக்கு மேல் நீர் அவ்வூரில் திரும்பப் பயன்படுகிறது. இத்தனை பெரிய தொழிற்கூட்டம் முழுவதும் இம்முறைக்கு மாறியதைப் பார்த்துப் போக அயலூர்களிலிருந்தும் வருகிறார்கள்.

முடியவே முடியாது, தொழில் அழிந்துவிடும் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட காரியம் இது. தொழில் அழியவில்லை. முன்னைவிடப் பன்மடங்கு வளர்ந்திருக்கிறது. கடனைத் தீர்த்தால் திவாலாகிவிடுவோம் என்று அஞ்சுகிற தொழிலதிபர்கள் எவ்விடத்தில் இருந்தாலும், திருப்பூரை ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

ஆனால் கதை அத்துடன் சுபமாக முடிந்துவிட்டது என்று நாம் எழுதினால், நொய்யற் கரைக் குடியானவன் நகைப்பான். நொய்யலில் பாதிக்கப்பட்ட 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நஷ்ட ஈடு சுமார் 25 கோடி ரூபாய். பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்காகப் போட்டுப் பார்த்தால், தலைக்கு 9,000 ரூபாய்கூட வரவில்லை. உப்பேறிய மண் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை மழைக்காலம் பிடிக்குமோ அத்தனைக்கும் இது ஈடாகுமா? ஆவியாக்கும் கொப்பரைகளுக்கு எரிபொருளும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் கொட்டகைகளில் குவிந்து கிடக்கின்றன. கோயம்புத்தூரும் திருப்பூரும் ஆற்றில் விடும் ஊர்ச் சாக்கடையும் இருக்கிறது. அதில் பட்டறைக்காரரை மட்டும் சுட்டிக் காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

பாலாற்றின் நிலை இன்னும் பரிதாபம். 1996இல் தீர்ப்பான விஷயம், 2025 ஜனவரியில் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டின் முன் நின்றது. நஷ்ட ஈடு பெறாத குடும்பங்களுக்கு முதலில் சர்க்காரே கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடமிருந்து பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் கட்டளையிட்டார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள்! தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தை, தானே ஒரு குழந்தைக்குத் தாயாகியிருக்கலாம். இந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் அந்தப் பிரதேசத்துப் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் எத்தனையோ நன்கொடைகள் வந்திருக்கும். கிணறு கெட்டவனின் கடன் மட்டும் நின்றுகொண்டே இருக்கிறது. தருமத்துக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எடுத்துக் காட்ட நம்மால் இயலாது.

கோர்ட்டுக்குப் பயந்துதான் தொழிலதிபர்கள் நியாயமாக நடக்கவேண்டும் என்பதில்லை. நம் தேசத்திலேயே வேறு மாதிரியும் உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா 1877இல் நாகபுரியில் எம்ப்ரஸ் மில்லைத் தொடங்கினார். ஆலை நிறைய லாபம் சம்பாதித்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஆலைக்குள் காற்றைக் குளிர்விக்கவும், தீ விபத்தைத் தடுக்கவும் சாதனங்கள் வைத்தார். 1886இல் தொழிலாளிகளுக்கு ஓய்வூதிய நிதியும், 1895இல் விபத்துக்கு நஷ்ட ஈடும் ஏற்பட்டன. பின்னர் அவர் பெயரால் விளங்கும் ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில், சட்டம் வற்புறுத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாக, 1912இலேயே எட்டு மணி நேர வேலை அமுலுக்கு வந்தது. இவையெல்லாம் லாபத்திலிருந்து எடுத்துக் கொடுத்த தானங்கள் அல்ல. பஞ்சுக்கும் நிலக்கரிக்கும் விலை கொடுப்பதுபோல, மனிதனுடைய உடம்புக்கும் முதுமைக்கும் உரிய விலையைச் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டு, மிச்சத்தை லாபம் என்று அழைத்தார்கள். அந்த இரும்பாலை நொடித்துப் போகவில்லை என்பதை உலகம் அறியும்.

செல்வர்கள் தங்கள் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக விளங்கவேண்டும் என்று காந்தியடிகள் கூறிவந்ததை நேயர்கள் அறிவார்கள். தர்மகர்த்தா என்பவர் யார் என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததே. கோயில் நிலத்தின் விளைச்சலைக் கொண்டு திருவிழா நடத்தலாம். ஆனால் கோயில் குளத்தைத் தூர்த்து மனையாக விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் செய்தேன் என்று அவர் கணக்குக் காட்டினால் ஊர் அவரைச் சும்மா விடாது. ஆறும் காற்றும் நிலத்தடி நீரும் அந்தக் குளத்தைப் போன்றவை. எந்தக் கம்பெனியும் அவற்றைத் தன் முதலாகக் கொண்டுவரவில்லை. வள்ளுவரும் வாணிகத்தைப் பற்றிய சொல்லை ஈகை அதிகாரத்தில் வைக்காமல், நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வாணிகத்தின் முறை என்பது அவர் கருத்து. வியாபாரியிடம் முதலில் எதிர்பார்க்கவேண்டியது துலாக்கோலின் நேர்மை. தாராள மனசு அதற்குப் பின்னால் வரட்டும்.

இதில் வீட்டிலிருப்போர் செய்யக்கூடியது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். பலவும் செய்யலாம். துணிக்கடையில் நாம் விலையைக் குறைத்துக் கேட்கிறோம். சாயம் போகுமா என்றும் கேட்கிறோம். சாயம் ஏற்றிய நீர் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. கடைக்காரருக்கு முதல் நாள் பதில் தெரியாது. நூறு பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். மொத்த வியாபாரி பட்டறைக்காரரைக் கேட்பார். ஒழுங்காகச் சுத்திகரிக்கும் பட்டறைக்காரர், செலவை மிச்சம் பிடிக்கத் திருட்டுத்தனமாக ஓடையில் திறந்துவிடுபவரோடு விலையில் போட்டியிட முடியாமல் தவிக்கிறார். சட்டை இரண்டு ரூபாய் மலிவாகக் கிடைத்தால் போதும் என்று நாம் இருக்கும்வரையில், நல்லவருடைய கடையை மூடச் செய்வது நாமேதான். உள்ளூர் வியாபாரியைவிட, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து விலையைக் கசக்கிப் பிழியும் பெரிய ஸ்தாபனங்களுக்கும் இது பொருந்தும்.

கம்பெனிப் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் இப்போது அநேகம். ஆண்டறிக்கை வந்ததும் லாபப் பங்கு எவ்வளவு என்று பார்ப்பதோடு, பள்ளிக்கூடக் கட்டிடத்தின் படத்தைப் பார்த்து மகிழ்வதோடு, கழிவைப் பற்றியும் நிலுவையிலுள்ள வழக்குகளைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பக்கம் தள்ளிப் பார்க்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் கணக்கர்களாகவும் இஞ்சினீயர்களாகவும் இத்தகைய தொழில்களில் போய் அமர்கிறார்கள். இரவில் எந்தக் குழாயைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒருநாள் அவர்களில் ஒருவன் நிற்பான். அப்போது அவனுக்கு நினைவு வரவேண்டியது, லாபத்தில் இரண்டு பங்கைத் தருமம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பாடமா, பிறன் கிணற்றின் விலையும் நம் செலவில் சேர்ந்ததே என்ற பாடமா?

பின்னதை அவன் பள்ளிக்கூடத்தில் கற்கப் புத்தகத்தில் இடமில்லை என்றால், வீட்டிலே கற்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் உப்பைப் பரிமாறும்போது, அவன் உடுத்தியிருக்கும் பனியனுக்கு எத்தனை பிடி உப்புப் போயிற்று, அது இப்போது எங்கே இருக்கிறது என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். குழந்தைகள் இத்தகைய கேள்விகளை எளிதில் மறப்பதில்லை.